ஓய்வூதிய நிதியம்

ஓய்வூதிய நிதியம் என்பது, ஒருவர் உழைக்கும் காலத்தில் அவரும் அவருக்கு வேலை தருபவரும் செலுத்தும் பங்களிப்புகளைத் திரட்டி, முதலீடு செய்து, பணி ஓய்வுக்குப் பின் அவருக்கு வருமானமாக வழங்கும் நிதி நிறுவனம் ஆகும். வங்கி, காப்பீட்டு நிறுவனம், பரஸ்பர நிதி ஆகியவற்றைப் போலவே இதுவும் பலருடைய சிறு சேமிப்புகளைச் சேர்த்துப் பெருமுதலாக மாற்றுகிறது. இதைத் தனித்துக் காட்டுவது காலம். வங்கியில் போட்ட பணத்தை மறுநாளே எடுக்கலாம். 25 வயதில் ஒருவர் ஓய்வூதிய நிதியத்தில் செலுத்தும் பணமோ பெரும்பாலும் 60 வயது வரை அங்கேயே இருக்கும். அவர் 85 வயது வரை வாழ்ந்தால் அந்தக் கணக்கு முடிய 60 ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரு வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டியிருப்பதே இந்த நிறுவனத்தின் வலிமைக்கும் அதன் சிக்கல்களுக்கும் காரணம்.

ஓய்வூதியமும் ஓய்வூதிய நிதியமும் ஒன்றல்ல. ஓர் அரசு தன் முன்னாள் ஊழியர்களுக்கு அந்தந்த ஆண்டு வரி வருவாயிலிருந்தே ஓய்வூதியம் வழங்கலாம். அங்கே ஓய்வூதியம் உண்டு, நிதியம் இல்லை. இன்று உழைப்பவர்கள் செலுத்தும் வரியால் நேற்று உழைத்தவர்கள் வாழும் முறை அது. நிதியம் உள்ள முறையில் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கான தொகையை முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது. இவ்விரு முறைகளில் எதைத் தேர்வது, பணம் போதாமல் போனால் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விகளைச் சுற்றியே ஓய்வூதியத்தின் வரலாறு அமைந்துள்ளது.

இயங்கும் முறை

ஓய்வூதிய நிதியத்தின் பணி மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது திரட்டல். மாதச் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது. வேலை தருபவர் தம் பங்கைச் சேர்க்கிறார். இரண்டாவது முதலீடு. திரண்ட தொகை அரசுக் கடன் பத்திரங்கள், நிறுவனக் கடன் பத்திரங்கள், பங்குகள், நிலம், கட்டடம், சாலை போன்றவற்றில் இடப்படுகிறது. மூன்றாவது வழங்கல். ஓய்வுக்குப் பின் அத்தொகை மாத ஓய்வூதியமாகவோ மொத்தமாகவோ இரண்டும் கலந்தோ திருப்பித் தரப்படுகிறது.

காலம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் 30 ஆண்டுகள் ஒருவர் செலுத்துகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேர்ந்தால், முடிவில் சுமார் 14.9 லட்சம் ரூபாய் இருக்கும். அவர் செலுத்தியது 3.6 லட்சம் மட்டுமே. இதே சேமிப்பை 10 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கி 20 ஆண்டுகள் மட்டும் செலுத்தினால் கிடைப்பது சுமார் 5.9 லட்சம். செலுத்திய தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கிடைத்த தொகையோ பாதிக்கும் கீழே போய்விட்டது. முதல் பத்து ஆண்டுகளின் பணம்தான் நீண்ட காலம் வட்டி ஈட்டும் பணம் என்பதே காரணம்.

நிதியத்தை நடத்துபவர்களுள் மூவர் முக்கியமானவர்கள். உறுப்பினர்களின் நலனுக்காக நிதியத்தைக் காக்கும் சட்டப்பூர்வப் பொறுப்பு அறங்காவலர்களுடையது. எங்கே முதலீடு செய்வது என்பதை முடிவு செய்பவர்கள் நிதி மேலாளர்கள். உறுப்பினர்கள் சராசரியாக எவ்வளவு காலம் வாழ்வார்கள், இன்று எவ்வளவு திரட்டினால் நாளைய வாக்குறுதியை நிறைவேற்ற முடியும் என்று கணிப்பவர்கள் காப்பீட்டுக் கணிப்பாளர்கள். நிதியத்தின் பணம் நிறுவனத்தின் சொந்தப் பணத்திலிருந்து பிரித்து வைக்கப்பட வேண்டும் என்பது அடிப்படை விதி. இந்த விதி எத்தகைய அனுபவங்களால் உறுதிப்பட்டது என்பது பின்னர் விளக்கப்படுகிறது.

வரலாறு

பணி முடித்தோருக்கென்று தனிக் கருவூலம் அமைத்த பழைய எடுத்துக்காட்டு உரோமப் பேரரசில் உள்ளது. பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6ஆம் ஆண்டில் படைவீரர் கருவூலம் ஒன்றை நிறுவினார். தம் சொந்தப் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் என்னும் நாணயங்களை அதில் இட்டார். மரபுரிமைச் சொத்துகள் மீது 5 விழுக்காடும், ஏல விற்பனை மீது 1 விழுக்காடும் வரி விதித்து அதற்கு நிலையான வருவாயை ஏற்படுத்தினார். பணி முடித்த வீரருக்கு ஒரு மொத்தத் தொகை தரப்பட்டது. இது வரியால் இயங்கிய ஏற்பாடு. திரட்டி முதலீடு செய்யும் நிதியம் அன்று.

கணக்கின் அடிப்படையில் அமைந்த நிதியத்துக்கு மனித ஆயுளைப் பற்றிய புள்ளிவிவரம் தேவைப்பட்டது. வால்மீனால் பெயர்பெற்ற வானியலாளர் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு 1693இல் ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். எந்த வயதில் உள்ளவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் உயிரோடு இருப்பார்கள் என்பதை அது காட்டியது.

அந்த அறிவைப் பயன்படுத்தி 1740களில் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர்களின் கைம்பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான நிதியம் உருவானது. இராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள் இதை வடிவமைத்தார்கள். கணித அறிஞர் காலின் மெக்லாரின் கணக்குகளைச் சரிபார்க்க உதவினார். போதகர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும். எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை மனைவியர் அவர்களுக்குப் பின் வாழ்வார்கள், எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்பவை முன்கூட்டியே கணிக்கப்பட்டன. திரண்ட பணம் வட்டிக்கு விடப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் நிதியத்தில் இருந்த தொகை, முன்பு கணித்த தொகைக்கு மிக அருகில் இருந்தது. அடுத்து யார் இறப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று ஏறத்தாழச் சொல்லிவிட முடியும். இன்றைய ஓய்வூதிய நிதியங்களும் ஆயுள் காப்பீடும் நிற்பது இந்த உண்மையின் மேல்தான்.

19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது முதுமை புதிய வடிவில் சிக்கலாகியது. வேளாண் குடும்பத்தில் முதியவருக்கு வீட்டிலும் வயலிலும் ஓர் இடம் இருந்தது. நகரத்தில் கூலியை மட்டுமே நம்பிய தொழிலாளிக்குக் கை தளர்ந்த அன்றே வருமானம் நின்றது. ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889இல் முதுமை மற்றும் ஊனக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. தொழிலாளியும் முதலாளியும் பங்களிக்க, அரசு மானியம் சேர்த்தது. ஓய்வூதியம் பெறும் வயது 70. பின்னர் 1916இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. பிரிட்டன் 1908இல் வேறு வழியைத் தேர்ந்தது. அந்நாட்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டப்படி, 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை வரிப் பணத்திலிருந்தே தரப்பட்டது. பங்களிப்பு எதுவும் கேட்கப்படவில்லை.

தனியார் நிறுவனங்களும் தமக்கெனத் திட்டங்களை ஏற்படுத்தின. அமெரிக்காவில் 1875இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தொடங்கியது அந்நாட்டின் முதல் தனியார் ஓய்வூதியத் திட்டமாகக் கருதப்படுகிறது. இரயில்வே நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. அன்று இத்திட்டங்கள் பெரும்பாலும் முதலாளியின் கொடையாகவே பார்க்கப்பட்டன. நீண்ட காலம் விசுவாசமாக உழைத்தவருக்குத் தரப்படும் பரிசு என்பதால், தொழிலாளிக்கு அதன்மேல் சட்ட உரிமை இருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிதியங்கள் பெரும் முதலீட்டாளர்களாக மாறின. அதுவரை அவை பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களையே வாங்கின. பிரிட்டனில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் ஓய்வூதிய நிதியத்துக்கு 1947இல் மேலாளராக வந்த ஜார்ஜ் ராஸ் கூபி, விலைவாசி உயரும்போது நிலையான வட்டி தரும் பத்திரங்களின் உண்மை மதிப்பு தேய்கிறது என்று வாதிட்டுப் பங்குகளை வாங்கத் தொடங்கினார். அமெரிக்காவில் 1950இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தொழிற்சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தின்படி அமைந்த நிதியமும் பங்குகளில் முதலிட்டது. பல நிறுவனங்கள் இதைப் பின்பற்றின. தொழிலாளர்களின் ஓய்வூதியப் பணமே பெருநிறுவனங்களின் உடைமையில் பெரும் பங்கு வகிக்கும் நிலை உருவாவதை மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1976இல் ஒரு நூலில் சுட்டிக்காட்டினார்.

இரு வகைத் திட்டங்கள்

உலகெங்கும் உள்ள திட்டங்களை இரு பெரும் வகைகளில் அடக்கலாம்.

வரையறுத்த பயன் திட்டத்தில், கிடைக்கப்போகும் ஓய்வூதியம் முன்பே சூத்திரத்தால் தீர்மானிக்கப்படுகிறது. "கடைசிச் சம்பளத்தில் பாதி" என்பது எளிய எடுத்துக்காட்டு. பங்குச் சந்தை சரிந்தாலும், உறுப்பினர் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்ந்தாலும், சொன்ன தொகையை நிறுவனமோ அரசோ தந்தாக வேண்டும். இடர் வாக்குறுதி அளித்தவருடையது.

வரையறுத்த பங்களிப்புத் திட்டத்தில், செலுத்த வேண்டிய தொகை மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது. முடிவில் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவே கிடைக்கும். சந்தை உயர்ந்தால் உறுப்பினருக்கு ஆதாயம். ஓய்வு பெறும் ஆண்டில் சந்தை சரிந்திருந்தால் நட்டமும் அவருக்கே. நீண்ட காலம் வாழ்வது என்ற இடரையும் அவரே சுமக்கிறார். இதிலும் நன்மைகள் உண்டு. பணம் அவர் பெயரிலேயே இருக்கிறது. வேலை மாறினாலும் கணக்கு தொடர்கிறது. நிறுவனம் மூடப்பட்டாலும் சேர்ந்த தொகை காப்பாக இருக்கிறது.

கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகள் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகர்ந்துள்ளன. மக்கள் நீண்ட காலம் வாழ்வதும், பிறப்பு விகிதம் குறைவதால் உழைப்பவர் எண்ணிக்கை சுருங்குவதும் முக்கியக் காரணங்கள். சிலி நாடு 1981இல் தன் பொது ஓய்வூதிய முறையை மாற்றி, தொழிலாளர்கள் சம்பளத்தில் 10 விழுக்காட்டைத் தனியார் நிறுவனங்கள் நிர்வகிக்கும் தனிக் கணக்குகளில் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. அந்நாட்டின் மூலதனச் சந்தை வளர்ந்தது. குறைந்த ஊதியக்காரர்களும் இடைவிட்டு வேலை செய்தவர்களும் பெற்ற ஓய்வூதியம் மிகக் குறைவாக இருந்ததால் பின்னாளில் பெரும் போராட்டங்களும் நடந்தன.

நிதிச் சந்தையில் பங்கு

சாலை, துறைமுகம், மின் நிலையம் போன்றவற்றில் இட்ட பணம் திரும்பி வர 20, 30 ஆண்டுகள் ஆகும். எந்நேரமும் வைப்புத்தொகையைத் திருப்பித் தர வேண்டிய வங்கிக்கு இது பொருந்தாத முதலீடு. 30 ஆண்டுகளுக்குப் பின்னரே பணம் தேவைப்படும் ஓய்வூதிய நிதியத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அமைத்த உட்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளையில் 2021இல் கனடா நாட்டின் ஓய்வூதியத் திட்ட முதலீட்டு வாரியமும் ஒண்டாரியோ மாகாண ஆசிரியர் ஓய்வூதிய நிதியமும் தலா 25 விழுக்காடு அலகுகளை வாங்கின. கனடாவில் பாடம் நடத்தும் ஆசிரியரின் மாதப் பிடித்தம் இந்திய நெடுஞ்சாலையில் முதலாகி, அங்கு வசூலாகும் சுங்கக் கட்டணத்தின் ஒரு பகுதி அவருடைய ஓய்வுக்காலச் செலவுக்குப் போகிறது.

அரசுகளுக்கும் இந்நிதியங்கள் இன்றியமையாதவை. நீண்ட கால அரசுக் கடன் பத்திரங்களை வாங்குவோரில் இவை முதல் வரிசையில் உள்ளன. பெருநிறுவனங்களின் பங்குதாரர் என்ற முறையில் இயக்குநர் தேர்விலும் சுற்றுச்சூழல் கொள்கையிலும் வாக்களிக்கும் உரிமை பெற்றுள்ளன. ஜப்பான் அரசின் ஓய்வூதிய முதலீட்டு நிதியம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. நார்வேயின் அரசு ஓய்வூதிய நிதியம் 1996இல் முதல் தொகையைப் பெற்றது. பெட்ரோலிய வருவாயால் வளர்ந்த அது, உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளில் சராசரியாக 1.5 விழுக்காடு அளவை வைத்திருக்கிறது. பெயரில் ஓய்வூதியம் இருந்தாலும் அது தனி மனிதர்களுக்கு நேரடியாக ஓய்வூதியம் வழங்குவதில்லை. எதிர்காலத் தலைமுறைக்கான நாட்டின் சேமிப்பாகச் செயல்படுகிறது.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் தடுமாறினால் நாட்டின் நிதி அமைப்பே ஆட்டம் காணும். பிரிட்டனில் 2022 செப்டம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்ட வரிக் குறைப்புத் திட்டத்தால் அரசுக் கடன் பத்திரங்களின் விலை வேகமாகச் சரிந்தது. பல ஓய்வூதிய நிதியங்கள் அப்பத்திரங்களை ஈடாகக் காட்டி ஒப்பந்தங்கள் செய்திருந்தன. விலை சரிந்ததும் கூடுதல் ஈடு கேட்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்ட அவை அதே பத்திரங்களை விற்றன. விற்க விற்க விலை மேலும் சரிந்தது. செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்து வங்கி தலையிட்டுப் பத்திரங்களை வாங்கத் தொடங்கிய பிறகே இந்தச் சுழல் நின்றது.

தோல்விகளும் சட்டங்களும்

ஓய்வூதிய நிதியங்களைக் காக்கும் சட்டங்கள் பல, தொழிலாளர்கள் ஏமாந்த பிறகே வந்தன. அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கார் நிறுவனம் 1963 டிசம்பரில் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஆலையை மூடுவதாக அறிவித்தது. அதன் ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் முழுத் தொகை கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்குக் கிடைக்க வேண்டியதில் ஏறத்தாழ 15 விழுக்காடே தரப்பட்டது. அவர்களைவிட இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. 20, 30 ஆண்டுகள் உழைத்தவர்கள், வேறு வேலை தேடுவதும் கடினமான வயதில், வாக்குறுதியை இழந்தார்கள். பத்தாண்டு விவாதத்துக்குப் பின் 1974இல் ஊழியர் ஓய்வூதிய வருமானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிதியத்தில் போதிய பணம் சேர்த்து வைப்பது கட்டாயமாயிற்று. திவாலான நிறுவனங்களின் ஓய்வூதியத்துக்கு வரம்புக்குட்பட்டு உத்தரவாதம் தரும் அரசு அமைப்பும் உருவானது.

பிரிட்டனில் பத்திரிகை அதிபர் இராபர்ட் மேக்ஸ்வெல் 1991 நவம்பரில் இறந்த பின், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியங்களிலிருந்து 40 கோடி பவுனுக்கும் மேல் முறைகேடாக எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நிறுவன உரிமையாளரே நிதியத்தின் அறங்காவலராகவும் இருந்தால் தொழிலாளர் பணத்துக்குப் பாதுகாப்பில்லை என்பதை இது காட்டியது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் இதன் விளைவு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது.

2001இல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபோது வேறொரு பாடம் கிடைத்தது. அதன் ஊழியர்கள் பலர் தம் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும் பகுதியை என்ரான் பங்குகளிலேயே வைத்திருந்தார்கள். வேலையும் சேமிப்பும் ஒரே நேரத்தில் போயின.

இந்தியாவில்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும் முறை வேரூன்றியது. தனியார் துறைத் தொழிலாளர்களுக்கான பெரிய ஏற்பாடு விடுதலைக்குப் பின் வந்தது. 1951 நவம்பர் 15இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து, 1952இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் சிமெண்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய ஆறு தொழில்களுக்கு மட்டும் பொருந்தியது. பின்னர் பல தொழில்களுக்கு விரிந்தது. மக்கள் வழக்கில் "பி.எஃப்." எனப்படும் இந்த நிதிக்கு ஆண்டுதோறும் வட்டி விகிதம் அறிவிக்கப்படுகிறது. 1990களில் 12 விழுக்காடாக இருந்த வட்டி, 2023-24ஆம் ஆண்டுக்கு 8.25 விழுக்காடு. நெடுங்காலம் கடன் பத்திரங்களை மட்டுமே வாங்கிவந்த இந்நிதி, 2015 ஆகஸ்டு முதல் ஒரு சிறு பகுதியைப் பங்குச் சந்தையிலும் இடுகிறது.

வைப்பு நிதி மொத்தத் தொகையாகத் தரப்படுவது. மாத ஓய்வூதியத்துக்காக 1995 நவம்பர் 16 முதல் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு இதற்குப் போகிறது; மீதி வைப்பு நிதியில் சேர்கிறது. 2014 செப்டம்பர் முதல் கணக்கிடத்தக்க சம்பளத்துக்கு மாதம் 15,000 ரூபாய் உச்சவரம்பு. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது மாத ஓய்வூதியம். 15,000 ரூபாய்ச் சம்பளமும் 35 ஆண்டு பணிக்காலமும் உடையவருக்கு 7,500 ரூபாய். அதே 2014இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி கிடையாது என்பதால், ஓய்வு பெற்ற நாளில் கிடைத்த தொகையே பல ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்கிறது.

அரசு ஊழியர்களின் பழைய ஓய்வூதியம் வேறு வகை. கடைசிச் சம்பளத்தில் பாதியும் அதற்கு அகவிலைப்படியும் அரசுக் கருவூலத்திலிருந்தே தரப்பட்டன. இது அரசின் கருணையா, ஊழியரின் உரிமையா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17இல் நகரா வழக்கின் தீர்ப்பில் தெளிவான விடை தந்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அன்று. ஊழியர் ஆற்றிய பணியால் ஈட்டிய உரிமை என்று அத்தீர்ப்பு கூறியது. அந்த நாள் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அரசுகளின் ஓய்வூதியச் செலவு வளர்ந்துகொண்டே போனது. எஸ்.ஏ. தவே தலைமையிலான குழு 2000இல் அளித்த அறிக்கை, தனிக் கணக்குகளின் அடிப்படையிலான முறையைப் பரிந்துரைத்தது. 2004 சனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்கள் (முப்படையினர் நீங்கலாக) தேசிய ஓய்வூதிய முறையின்கீழ் வந்தனர். ஊழியர் 10 விழுக்காடும் அரசு 10 விழுக்காடும் செலுத்தின; 2019 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பங்கு 14 விழுக்காடானது. 60 வயதில் சேர்ந்துள்ள தொகையில் 60 விழுக்காடு வரை மொத்தமாக எடுக்கலாம். அரசு ஊழியர்கள் குறைந்தது 40 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து அதிலிருந்து மாத வருமானம் பெற வேண்டும். 2009 மே முதல் இம்முறை எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்டது. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்துக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் முழு அதிகாரம் அளித்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2015இல் அடல் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்தால் 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதி.

தமிழ்நாடு இம்மாற்றத்தை முன்னதாகவே செய்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டனர். 2003 மார்ச்சில் பணியில் சேர்ந்த ஆசிரியரும் அவ்வாண்டு சூனில் சேர்ந்த ஆசிரியரும் ஒரே பள்ளியில் ஒரே பாடத்தை நடத்தியிருக்கலாம். மூன்று மாத வேறுபாடு அவர்களை இருவேறு திட்டங்களில் சேர்த்தது. ஒருவருக்கு விலைவாசியோடு உயரும் உறுதியான ஓய்வூதியம். மற்றவருக்குத் தம் கணக்கில் சேர்ந்த தொகை. பழைய திட்டத்தை மீண்டும் கொண்டுவரக் கோரி ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு பலமுறை போராடியது. 2019 சனவரியில் நடந்த வேலைநிறுத்தம் அவற்றுள் பெரியது.

இராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் 2022, 2023 ஆண்டுகளில் பழைய திட்டத்துக்குத் திரும்பும் முடிவை அறிவித்தன. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அது 2025 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. இதில் ஊழியரின் பங்களிப்பு தொடர்கிறது. 25 ஆண்டுகள் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி செய்யப்படுகிறது. நிதியமும் வாக்குறுதியும் கலந்த இடைவழி இது. உறுதியை ஆதரிப்போர் முதுமையில் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வலிமை ஊழியருக்கு இல்லை என்கின்றனர். எதிர்ப்போர், அந்தச் சுமை அடுத்த தலைமுறை வரிசெலுத்துவோர் மீது விழும் என்கின்றனர். இரு தரப்பும் பேசுவது இடரை யார் சுமப்பது என்ற அதே பழைய கேள்வியைத்தான்.

இலங்கையிலும் பிற நாடுகளிலும்

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஆசிய நாடுகள் பலவற்றில் சேமநிதி முறை பரவியது. மலேசியாவில் 1951இலும் சிங்கப்பூரில் 1955இலும் இத்தகைய நிதியங்கள் அமைந்தன. இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதியம் உருவானது. ஊழியர் 8 விழுக்காடும் தொழில் தருநர் 12 விழுக்காடும் செலுத்துகின்றனர். நிதியை இலங்கை மத்திய வங்கி முதலீடு செய்கிறது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் உட்படத் தனியார் துறையில் உழைப்போருக்கு இதுவே வாழ்நாளின் முதன்மைச் சேமிப்பு.

இந்நிதியத்தின் பணத்தில் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் இருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு மேற்கொள்ளப்பட்டபோது, நிதியத்தின் பழைய பத்திரங்களுக்கு மாற்றாகப் புதிய பத்திரங்கள் தரப்பட்டன. 2025 வரை 12 விழுக்காடும் அதன் பின் 9 விழுக்காடும் அவற்றுக்கான வட்டி. வங்கிகளிடம் இருந்த பத்திரங்கள் இத்தகைய மாற்றத்துக்கு உட்படுத்தப்படாததைத் தொழிற்சங்கங்கள் கண்டித்தன. ஒரே இடத்தில் முதலீடு குவிந்திருந்தால், அந்த இடம் அரசாகவே இருந்தாலும் இடர் உண்டு என்பதற்கு இது அண்மைக்கால எடுத்துக்காட்டு.

மதிப்பைக் குறைப்பவை

ஓய்வூதியச் சேமிப்பை மெல்ல அரிப்பவை இரண்டு. முதலாவது விலைவாசி உயர்வு. மேலே காட்டிய கணக்கில் 30 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த 14.9 லட்சம் ரூபாய், விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், இன்றைய மதிப்பில் சுமார் 2.6 லட்சம் ரூபாய்க்கே சமம். ஆகவே ஒரு நிதியம் தரும் வட்டியைத் தனியாகப் பார்ப்பதைவிட, விலைவாசி உயர்வைக் கழித்த பின் மிஞ்சுவதைப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

இரண்டாவது நிர்வாகக் கட்டணம். ஆண்டுக்கு 1 விழுக்காடு என்பது சிறிதாகத் தோன்றும். அதே கணக்கில் 8 விழுக்காட்டுக்குப் பதில் 7 விழுக்காடு மட்டும் சேர்ந்தால் முடிவில் கிடைப்பது 12.2 லட்சம். இழப்பு 2.7 லட்சம், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

இவற்றோடு இடையில் பணத்தை எடுப்பதும் சேர்கிறது. வேலை மாறும்போது வைப்பு நிதியை எடுத்துச் செலவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. இந்தியாவில் 2014 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தரப்படும் நிலையான கணக்கு எண்ணைக் கொண்டு, பழைய நிறுவனத்தின் தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியும். பணிக்காலமும் அறுபடாமல் தொடரும். மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை என்பதால் இந்தத் தொடர்ச்சி முக்கியமானது.

இவை எல்லாம் நிதியத்துக்குள் இருப்பவர்களின் கவலைகள். கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்வோர், தெருவோர வணிகர், வேளாண் கூலிகள் என இந்தியாவில் உழைப்போரில் பெரும்பான்மையினர் சம்பளப் பட்டியல் இல்லாதவர்கள். மாதப் பிடித்தமும் முதலாளியின் பங்களிப்பும் இல்லாத அவர்களை நிதியத்துக்குள் கொண்டுவருவது கடினம். அதனால் அவர்களுடைய முதுமை பெரும்பாலும் பிள்ளைகளையும், வரிப் பணத்திலிருந்து அரசு தரும் முதியோர் உதவித்தொகையையும் நம்பியே நிற்கிறது.